பைத்தான் நிரலாக்கத்தில் தமிழ்ப் பனுவல்: தொடக்க நிலையாளர் எதிர்கொள்ளும் சிக்கல்களும் தீர்வுகளும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கிய, மொழியியல் ஆய்வுகளில் சொல்லடைவு உருவாக்கம், சொல் நிகழ்வெண் கணக்கீடு, எழுத்துப் பகுப்பாய்வு போன்ற பணிகளுக்குப் பைத்தான் நிரல்மொழி இன்று பரவலாகப் பயன்படுகிறது. இதனைப் புதிதாகக் கற்கும் தமிழ் ஆய்வாளர்கள் சில சிக்கல்களை மீண்டும் மீண்டும் எதிர்கொள்கின்றனர். அவற்றுட் சில பிழைச்செய்தியோடு வெளிப்படுகின்றன. வேறு சில எவ்விதச் செய்தியுமின்றித் தவறான விடையைத் தந்துவிடுகின்றன. இரண்டாம் வகையே ஆய்வு முடிவுகளைப் பெரிதும் பாதிக்கிறது. இச்சிக்கல்களிற் பெரும்பாலானவை, இலக்கணம் கூறும் ‘எழுத்து’ என்னும் அலகும் கணினி கையாளும் அலகும் வேறு வேறு என்பதை அறியாமையால் எழுகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது. அவற்றுக்கான தீர்வுகளையும், பிறரிடம் உதவி கேட்கும்போது தர வேண்டிய தகவல்களையும் தொகுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பைத்தான், ஒருங்குறி, குறியெண், எழுத்துப் பிரிப்பு, அகரவரிசை, சொற்பிரிப்பு, கணினித்தமிழ்.

முன்னுரை

கைடோ வான் ராசம் உருவாக்கிய பைத்தான் மொழி 1991ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியிடப்பட்டது. 2008 டிசம்பரில் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு தமிழுக்கு மிக முக்கியமானது. அப்பதிப்பு முதல், மேற்கோட்குறிகளுக்குள் எழுதப்படும் எந்தச் சரமும் ஒருங்குறிச் சரமாகவே கொள்ளப்படுகிறது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு முடிவுக்கு வந்தது. எனவே இன்று கற்கத் தொடங்குவோர் மூன்றாம் பதிப்பையே கற்கின்றனர். பழைய பாடநூல்களிலும் குறிப்புகளிலும் காணப்படும் இரண்டாம் பதிப்புக்குரிய வழிமுறைகள் பல, குறிப்பாகத் தமிழ்ச் சரங்களைப் பற்றியவை, இப்போது பொருந்துவதில்லை. இதை முதலிலேயே மனத்திற் கொள்ளுதல் நலம்.

தமிழ்த்துறை மாணவர் ஒருவர் சங்கப் பாடல்களின் சொல்லடைவை உருவாக்கவோ, ஓர் ஆசிரியரின் சொல்லாட்சியை எண்ணிக்கை வழி ஆராயவோ முற்படும்போது, நிரலின் தொடரமைப்பைக் கற்பதற்குச் சில வாரங்களே தேவைப்படுகின்றன. அதன் பின்னர் எழும் தடைகள் தொடரமைப்பு சார்ந்தவை அல்ல. கோப்பு திறக்க மறுக்கிறது, இருக்கும் சொல் தேடலில் அகப்படுவதில்லை, மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்து என விடை வருகிறது, அகரவரிசை தலைகீழாகிறது. ஆங்கிலப் பனுவலை முன்னிறுத்தி எழுதப்பட்ட பாடநூல்களில் இவற்றுக்கு விடை கிடைப்பது அரிது. எனவே மாணவர் தம் நிரலில் தவறு இருப்பதாகக் கருதி அதையே திரும்பத் திரும்பத் திருத்துகிறார்.

இக்கட்டுரை அத்தகைய சிக்கல்களை அவற்றின் காரணத்தோடு விளக்க முயல்கிறது. நிரல்மொழியின் கட்டளைப் பெயர்கள் ஒலிபெயர்ப்பாகத் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. குறியெண்கள் யாவும் பதின்ம எண்களாகவே குறிக்கப்பட்டுள்ளன.

1. பைட், குறியெண், எழுத்து

கணினியில் உள்ள தமிழ்ப் பனுவலை மூன்று அடுக்குகளாகக் காணலாம். அடியில் இருப்பது பைட். கோப்பு வட்டில் சேமிக்கப்படும்போது அது 0 முதல் 255 வரையிலான எண்களின் வரிசையாகவே இருக்கிறது. அதற்கு மேலுள்ளது குறியெண். ஒருங்குறித் தரம் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண்ணை வழங்கியுள்ளது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பல நிரப்பப்படாமல் உள்ளன. மூன்றாவது அடுக்கு, இலக்கணம் கூறும் எழுத்து. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளை நாம் இந்த அடுக்கிலேயே எண்ணுகிறோம்.

‘தமிழ்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுத்தடுக்கில் இது த, மி, ழ் என மூன்று. குறியெண் அடுக்கில் த (2980), ம (2990), இகரக் குறி (3007), ழ (2996), புள்ளி (3021) என ஐந்து. யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம்பெறுவதால், பைட் அடுக்கில் பதினைந்து. நீளத்தைக் கூறும் ‘லென்’ சார்பு சரத்தின் குறியெண்களையே எண்ணுகிறது. எனவே அது தரும் விடை 5. இது பைத்தானின் பிழையன்று. நாம் கேட்ட வினாவும் அது விடையளித்த வினாவும் வேறு.

ஒருங்குறியின் தமிழ் அமைப்பு, இந்திய மொழிகளுக்காக வகுக்கப்பட்ட இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. அதில் அகரமேறிய மெய்யே அடிப்படைக் குறி. ‘க’ என்பதற்கு ஒரு குறியெண். ‘க்’ என்பதற்கு அகரமேறிய ககரமும் புள்ளியும் ஆகிய இரண்டு. தொல்காப்பியம் முதலாகிய இலக்கண மரபிலோ மெய்யே அடிப்படை. அதனோடு உயிர் கூடியே உயிர்மெய் தோன்றுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் அமைந்துள்ளன. இதன் விளைவை எண்ணிக்கையாகவும் காட்டலாம். உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று, அகர உயிர்மெய் பதினெட்டு ஆகிய 31 எழுத்துகள் மட்டுமே ஒற்றைக் குறியெண் கொண்டவை. மெய் பதினெட்டும் ஏனைய உயிர்மெய் 198உம் ஆகிய 216 எழுத்துகள் குறைந்தது இரு குறியெண் கொண்டவை. ஆகவே, குறியெண்ணை எழுத்தெனக் கொள்ளும் எந்த நிரலும் தமிழின் பெரும்பான்மை எழுத்துகளைத் தவறாகவே கையாளும்.

2. கோப்பைத் திறக்கும்போது எழும் சிக்கல்

விண்டோஸ் கணினியில் தமிழ்க் கோப்பு ஒன்றை ‘ஓப்பன்’ சார்பின் வழியாகத் திறந்து படிக்கும்போது, ‘யுனிகோட் டிகோட் எரர்’ என்னும் பிழை தோன்றுவதுண்டு. குறியேற்ற முறை குறிப்பிடப்படாதபோது, பைத்தான் அக்கணினியின் இயல்பான குறியேற்றத்தைப் பயன்படுத்துகிறது. ஆங்கில அமைப்பிலுள்ள விண்டோஸ் கணினிகளில் அது பெரும்பாலும் விண்டோஸ்-1252 ஆக இருக்கும். அம்முறையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து பைட்களுக்கு எக்குறியும் ஒதுக்கப்படவில்லை.

தமிழ்ப் புள்ளியின் யுடிஎஃப்-8 வடிவம் 224, 175, 141 என்னும் மூன்று பைட். உகரக் குறியின் வடிவம் 224, 175, 129. ஏகார, ஐகார உயிர்களின் வடிவங்கள் முறையே 143, 144 என முடிகின்றன. எனவே பனுவலில் முதல் மெய்யெழுத்தோ உகர உயிர்மெய்யோ வரும் இடத்திலேயே நிரல் நின்றுவிடுகிறது. பிழைச்செய்தி சுட்டும் எண்ணைக் கவனித்தால் இதனை உறுதி செய்துகொள்ளலாம். அவ்வெண் பதினாறடிமான முறையில் ‘8டி’ எனத் தோன்றினால் அது 141. நிரல் புள்ளியில் இடறியுள்ளது என்று பொருள்.

‘கமலா, மாலதி, சீதா’ போன்ற பெயர்கள் மட்டுமே கொண்ட ஒரு சிறு கோப்பில் மெய்யும் உகரமும் இல்லை. அதனைச் சோதனைக்கெனப் பயன்படுத்தினால் பிழைச்செய்தி எதுவும் வராது. ஆனால் படிக்கப்படுவது தமிழன்று. ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று அயற்குறிகளாக மாறியிருக்கும். பிழை தோன்றவில்லை என்பதால் கோப்பு சரியாகப் படிக்கப்பட்டது எனக் கொள்ளலாகாது.

தீர்வு எளிது. கோப்பைத் திறக்கும்போதும் எழுதும்போதும் ‘என்கோடிங்’ என்னும் அளபுருவுக்கு ‘யுடிஎஃப்-8’ என்னும் மதிப்பைத் தவறாது தருதல் வேண்டும். பைத்தானின் 3.15ஆம் பதிப்பில் யுடிஎஃப்-8 முறையே இயல்பானதாக அமையும் என முடிவு செய்யப்பட்டுள்ளது. எனினும் நிரல் எந்தப் பதிப்பில் இயங்கும் என்பதை உறுதியாகக் கூற இயலாத நிலையில், வெளிப்படையாகக் குறிப்பிடுவதே பாதுகாப்பானது.

இச்சிக்கலுக்குத் தீர்வாக, ‘எரர்ஸ்’ அளபுருவில் ‘இக்னோர்’ எனத் தருமாறு சிலர் பரிந்துரைப்பதுண்டு. இது ஏற்கத்தக்கதன்று. அவ்வாறு செய்தால் பிழைச்செய்தி மறையும். அதோடு படிக்க முடியாத பைட்களும் நீக்கப்படும். அந்நிலையில் கோப்பை மீண்டும் சேமித்தால் பனுவலிலுள்ள புள்ளிகளும் உகரங்களும் மீட்க இயலாதவாறு சிதைந்துவிடும்.

இதனோடு தொடர்புடைய மற்றொன்று, கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இடம்பெறும் 65279 என்னும் குறி. சில பதிப்பு மென்பொருள்கள் யுடிஎஃப்-8 கோப்பின் அடையாளமாக இதனைச் சேர்க்கின்றன. இதனால் கோப்பின் முதற் சொல் மட்டும் தேடலில் அகப்படாமற் போகும். ‘யுடிஎஃப்-8-சிக்’ என்னும் குறியேற்றத்தைத் தந்து படித்தால் அக்குறி நீங்கும். மாறாக, எக்செல் மென்பொருளில் திறப்பதற்கென அட்டவணைக் கோப்பை எழுதும்போது இக்குறி இருப்பதே நன்மை தரும். இல்லையெனில் தமிழ் எழுத்துகள் சிதைந்து தோன்றக்கூடும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆவணங்கள் வேறு வகையின. அவற்றுள் இருப்பவை உரோமன் எழுத்துகளுக்குரிய குறியெண்களே. எழுத்துருவே அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. குறியேற்றத்தை மாற்றிப் படிப்பதால் பயனில்லை. உரிய மாற்றி ஒன்றின் துணையால் முதலில் ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே ஆய்வைத் தொடங்குதல் வேண்டும்.

3. தோற்றத்தில் ஒன்று, குறியெண்ணில் வேறு

‘கொ’ என்னும் எழுத்தை இரு முறைகளில் பதியலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறி (3018) ஒன்றே வருவது ஒரு முறை. ககரத்தை அடுத்து எகரக் குறியும் (3014) ஆகாரக் குறியும் (3006) தனித்தனியே வருவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் பைத்தானில் இவ்விரு சரங்களும் சமமா என வினவினால், இல்லை என்றே விடை வரும். ஓகார, ஔகார உயிர்மெய்களுக்கும் ஔகார உயிருக்கும் இதே நிலை உண்டு.

இரு வேறு மூலங்களிலிருந்து பனுவல்களைத் திரட்டிச் சொல்லடைவு உருவாக்கும்போது, ‘கொடு’ என்னும் சொல் இரு பதிவுகளாகப் பிரிந்து நிற்கக் காரணம் இதுவே. அதன் நிகழ்வெண்ணும் இரண்டாகப் பிரிந்துவிடும். ‘யுனிகோட்டேட்டா’ என்னும் உள்ளமைந்த தொகுதியிலுள்ள ‘நார்மலைஸ்’ சார்பினைக் கொண்டு, பனுவல் முழுவதையும் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றினால் இச்சிக்கல் தீரும். கோப்பைப் படித்தவுடன் செய்ய வேண்டிய முதற்பணியாக இதனைக் கொள்ளலாம்.

மாறிகளின் பெயர்களைத் தமிழிலேயே வைக்கப் பைத்தானின் மூன்றாம் பதிப்பு இடந்தருகிறது. அப்பெயர்களை மொழியே சீராக்கிக்கொள்கிறது. ஆகவே ‘கொடை’ என்னும் மாறியை எம்முறையில் தட்டச்சிட்டாலும் அது ஒரே மாறியாகவே கொள்ளப்படும். மேற்கோட்குறிகளுக்குள் உள்ள சரங்களுக்கு இவ்வசதி இல்லை. மாறிப் பெயரில் வராத சிக்கல் சரத்தில் ஏன் வருகிறது என்னும் ஐயத்துக்கு விடை இதுதான்.

சீராக்கத்தால் தீராத குறைகளும் உள்ளன. ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகரத்தைப் போன்றே தோன்றுவதால், ‘கௌ’ என்பதை எகரக் குறியும் ளகரமுமாகத் தட்டச்சிடும் வழக்கம் காணப்படுகிறது. ‘ஔ’ என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடுவதும் உண்டு. இவை குறியெண் அளவில் வேறு சொற்களே. தனியே தேடித் திருத்துவதன்றி வேறு வழியில்லை. இவ்வாறே வலைப்பக்கங்களிலிருந்து படியெடுத்த பனுவல்களில் 8203, 8204, 8205 ஆகிய அகலமற்ற குறிகள் கலந்திருக்கலாம். ஓரங்களிலுள்ள வெற்றிடத்தை நீக்கும் ‘ஸ்ட்ரிப்’ முறை இவற்றை நீக்குவதில்லை. சொல் ஒன்று தேடலில் அகப்படாதபோது, அச்சொல்லின் ஒவ்வொரு குறியையும் ‘ஆர்ட்’ சார்புக்குத் தந்து குறியெண்களைப் பட்டியலிட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

4. எழுத்தெண்ணிக்கையும் தலைகீழாக்கமும்

பைத்தான் பாடங்களில் தவறாது இடம்பெறும் பயிற்சிகளுள் ஒன்று, ஒரு சொல்லைத் திருப்பி எழுதி அது முன்னைய வடிவோடு ஒத்திருக்கிறதா எனக் காண்பது. தமிழில் இது மாலைமாற்று எனப்படும். ‘விகடகவி’ என்னும் சொல் வி, க, ட, க, வி என எம்முனையிலிருந்து படித்தாலும் ஒன்றே. ஆனால் வழக்கமான முறையில் சரத்தைத் திருப்பினால் இகரக் குறி வகரத்துக்கு முன்னே வந்து நிற்கும். அது மாலைமாற்று அன்று என்று நிரல் கூறும். ‘தமிழ்’ என்பதைத் திருப்பினாலோ புள்ளி முதலில் வரும். மகரத்துக்குரிய இகரக் குறி ழகரத்தோடு சேர்ந்துவிடும்.

இதற்குத் தீர்வு, சரத்தை முதலில் எழுத்துகளின் பட்டியலாக மாற்றிக்கொள்வதே. அதற்கான செயல்முறை மூன்று படிகளில் அமையும்.

முதலாவதாக, வெறுமையான பட்டியல் ஒன்றை உருவாக்க வேண்டும். இரண்டாவதாக, சரத்திலுள்ள குறிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது சார்புக் குறியா எனப் பார்க்க வேண்டும். தமிழில் 3006 முதல் 3021 வரையிலான உயிர்க்குறிகளும் புள்ளியும், 3031ஆம் எண்ணுக்குரிய ஔகார நீட்சிக் குறியும் சார்புக் குறிகளாகும். மூன்றாவதாக, அது சார்புக் குறியாயின் பட்டியலின் இறுதி உறுப்போடு ஒட்ட வேண்டும். இல்லையெனில் புதிய உறுப்பாகச் சேர்க்க வேண்டும்.

இவ்வாறு பெற்ற பட்டியலின் நீளமே எழுத்தெண்ணிக்கை. பட்டியலைத் திருப்பினால் மாலைமாற்றும் சரியாக அமையும். இதே பணியைச் செய்யும் ஆயத்தச் சார்புகள் ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் திறந்தமூல நூலகத்தில் உள்ளன. ஆயினும் இச்செயல்முறையைத் தொடக்க நிலையாளர் ஒருமுறையேனும் தாமே எழுதிப் பார்ப்பது, எழுத்துக்கும் குறியெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்திற் பதிக்கும்.

‘க்ஷ’ என்னும் கிரந்த எழுத்து இம்முறையில் க், ஷ என இரண்டாகப் பிரியும். அதனை ஓரெழுத்தாகக் கொள்வதா இரண்டாகக் கொள்வதா என்பது நிரல் தீர்மானிக்க வேண்டியதன்று. ஆய்வாளர் தம் நோக்கத்துக்கேற்ப முடிவு செய்து, அம்முடிவை ஆய்வேட்டில் குறிப்பிடுதல் வேண்டும். எதுகை, மோனை ஆய்வுகளுக்கும் ஒலியனியல் ஆய்வுகளுக்கும் உயிர்மெய்யை மெய்யும் உயிருமாக மேலும் பிரிக்க நேரிடலாம். எழுத்துப் பட்டியல் அதற்கும் அடித்தளமாக அமையும்.

5. சொற்பிரிப்பில் மறையும் சொற்கள்

ஆய்வு முடிவுகளை மிகுதியும் பாதிக்கும் சிக்கல் சொற்பிரிப்பிலேயே எழுகிறது. பைத்தானின் உள்ளமைந்த ‘ஆர்இ’ தொகுதியில், சொல்லுக்குரிய குறிகளைத் தேடுவதற்கு டபிள்யூ என்னும் எழுத்தின் முன் பின்சாய்கோடு இட்டு எழுதும் வடிவம் பயன்படுகிறது. பாடநூல்கள் பலவும் இதனையே கற்பிக்கின்றன. இவ்வடிவம் உயிர், அகரமேறிய மெய் ஆகியவற்றைச் சொற்குறிகளாக ஏற்கிறது. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ஏற்பதில்லை. எனவே ‘தமிழ்’ என்னும் சொல் ‘தம’, ‘ழ’ என இரு துண்டுகளாகிறது.

துண்டாவதைக் கண்ணால் கண்டு திருத்திவிடலாம். ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது எளிதில் புலப்படாது. ‘மண்’, ‘மணி’, ‘மணை’ ஆகிய மூன்றும் இம்முறையில் ‘மண’ என்றே பதிவாகும். மூன்று வேறு சொற்களின் நிகழ்வெண் ஒன்றாகக் கூட்டப்பட்டு, இல்லாத ஒரு சொல்லின் பெயரில் அட்டவணையில் இடம்பெறும்.

இயந்திரக் கற்றலுக்குப் பெரிதும் பயன்படும் ‘சைக்கிட்-லேர்ன்’ நூலகத்தில் சொற்களை எண்ணும் கருவி, இதே வடிவத்தை இன்னும் ஒரு நிபந்தனையோடு இயல்பாகக் கொண்டுள்ளது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொற்குறிகள் தொடர்ந்து வந்தால் மட்டுமே அது சொல்லாக ஏற்கும். ‘யானை’ என்பதில் யகரமும் னகரமும் இடையிலுள்ள குறியால் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே நிற்பதால் இரண்டும் விடப்படுகின்றன. ‘வீடு’, ‘பூ’ ஆகியவற்றுக்கும் இதே நிலை. அச்சொற்கள் பனுவலில் எத்தனை முறை வந்திருப்பினும் முடிவில் அவை இரா. பிழைச்செய்தியும் வராது. சங்க இலக்கியத்தில் விலங்குப் பெயர்களை ஆராயும் ஒருவர் இக்கருவியின் விடையை அப்படியே ஏற்றால், பனுவலில் பலமுறை வரும் யானை அவர் அட்டவணையில் ஒருமுறைகூட இராது.

தீர்வுகள் மூன்று. முதலாவது, தமிழ்ப் பகுதியின் எல்லையாகிய 2944 முதல் 3071 வரையிலான குறிகளின் தொடர்ச்சியைச் சொல்லெனத் தேடல் வடிவத்தில் வெளிப்படையாகக் குறிப்பிடுதல். தமிழ் எண்களும் நாள், மாதம், வரவு, பற்று முதலிய அடையாளங்களும் இவ்வெல்லைக்குள் அடங்கும். தேவையில்லையெனில் எல்லையைச் சுருக்கிக்கொள்ளலாம். இரண்டாவது, வெற்றிடத்தைக் கொண்டு சொற்களைப் பிரித்தபின் ஓரங்களிலுள்ள நிறுத்தக்குறிகளை நீக்குதல். மூன்றாவது, ‘ஆர்இ’ தொகுதிக்கு மாற்றாகத் தனியே நிறுவக்கூடிய ‘ரெஜெக்ஸ்’ தொகுதியைப் பயன்படுத்துதல். அது உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதிகளாகவே கொள்கிறது.

எழுத்தா எனச் சோதிக்கும் ‘இஸ்ஆல்ஃபா’ முறைக்கும் இதே குறை உண்டு. ‘பல’ என்பதற்கு ஆம் என்றும், ‘பால்’ என்பதற்கு இல்லை என்றும் அது விடை தரும். தமிழ்ச் சொற்களை மட்டும் பிரித்தெடுக்க இம்முறையைப் பயன்படுத்தினால் பெரும்பாலான சொற்கள் விலக்கப்பட்டுவிடும்.

6. அகரவரிசை

பல், பழம், பள்ளம், பறவை, பனை என்பது அகராதி வரிசை. இவ்வைந்தையும் ‘சார்ட்டட்’ சார்புக்குத் தந்தால் பனை, பறவை, பல், பள்ளம், பழம் என வரிசைப்படுத்தும். பைத்தான் குறியெண்களின் ஏறுவரிசையையே பின்பற்றுகிறது. ஒருங்குறியில் னகரம் (2985) நகரத்தை அடுத்தும், றகரம் (2993) ரகரத்தை அடுத்தும், ளகரமும் (2995) ழகரமும் (2996) வகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. ஆய்தம் (2947) அகரத்துக்கும் (2949) முன்னே நிற்கிறது. புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்குப் பின்னே அமைவதால் ‘அகம்’ முன்னும் ‘அக்கம்’ பின்னுமாக வரும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் பின்பற்றும் வரிசையிலோ மெய் முற்படுவதால் ‘அக்கம்’ முன்னும் ‘அகம்’ பின்னும் வரும்.

இதனைச் சரிசெய்ய, எழுத்து ஒவ்வொன்றுக்கும் அகராதி வரிசைப்படி ஓர் எண்ணை வழங்கும் அட்டவணையை உருவாக்க வேண்டும். உயிர்களுக்கு 1 முதல் 12 வரை, ஆய்தத்துக்கு 13, அதன் பின் ஒவ்வொரு மெய்யின் வரிசைக்கும் மெய், அகரம், ஆகாரம் எனப் பதின்மூன்று எண்கள் என வகுத்துக்கொள்ளலாம். சொல்லை எழுத்துகளாகப் பிரித்து, அவ்வெழுத்துகளுக்குரிய எண்களின் பட்டியலைத் தரும் சார்பு ஒன்றை எழுதி, அதனைச் ‘சார்ட்டட்’ சார்பின் ‘கீ’ என்னும் அளபுருவுக்குத் தர வேண்டும். பைத்தான் பட்டியல்களை உறுப்பு உறுப்பாக ஒப்பிடுவதால் வரிசை சரியாக அமையும். கிரந்த எழுத்துகளுக்கு எவ்விடம் தருவது என்பதை ஆய்வாளர் வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

7. எண்ணும் சரமும்

‘இன்புட்’ சார்பின் வழியாகப் பெறப்படும் எதுவும் சரமே என்பதைத் தொடக்க நிலையாளர் மறந்துவிடுவதுண்டு. 10, 5 ஆகியவற்றைப் பெற்றுக் கூட்டினால் 105 என வருவது இதனால்தான். ‘இன்ட்’ சார்பினால் எண்ணாக மாற்றிய பின்னரே கூட்டுதல் வேண்டும்.

பழைய நூல்களின் பக்க எண்களைக் கையாளுவோர்க்கு ஒரு கூடுதல் செய்தி உண்டு. ‘இன்ட்’ சார்பு தமிழ் எண்களையும் ஏற்கும். ‘௧௨’ என்னும் சரத்தை 12 என மாற்றித் தரும். ஆனால் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்கு உரிய ௰, ௱, ௲ என்னும் குறிகளை ஏற்காது. எனவே ‘௰௨’ எனப் பழைய முறையில் எழுதப்பட்ட பன்னிரண்டு பிழைச்செய்தியையே தரும். இம்முறை எண்களை மாற்றத் தனியே ஒரு சார்பு எழுத வேண்டும்.

8. உதவி கேட்கும் முறை

மேற்கண்ட சிக்கல்களைத் தாமே தீர்க்க இயலாதபோது, ஆசிரியரிடமோ சக நிரலாளரிடமோ உதவி கேட்பது இயல்பு. ‘நிரல் வேலை செய்யவில்லை’ என்னும் ஒற்றைத் தொடரால் பயன் விளையாது. கேட்போர் பின்வருவனவற்றைத் தருதல் நலம்.

முதலாவது, பிழைச்செய்தி முழுவதும். அதன் இறுதி வரி பிழையின் வகையையும் காரணத்தையும் கூறும். அதற்கு மேலுள்ள வரிகள் பிழை நேர்ந்த இடத்தைக் காட்டும். எனவே பிழைச்செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிக்கப் பழகுதல் வேண்டும்.

இரண்டாவது, சிக்கலைத் தோற்றுவிக்கும் மிகச் சிறிய பனுவல். பத்தாயிரம் வரிகள் கொண்ட கோப்புக்கு மாற்றாக ஒரு வரி, இயன்றால் ஒரு சொல். பனுவலைப் பாதி பாதியாகக் குறைத்துச் செல்கையில் பலருக்கும் காரணம் தாமாகவே புலப்பட்டுவிடுவதுண்டு.

மூன்றாவது, அச்சொல்லின் குறியெண்களின் பட்டியல். இருவகைக் ‘கொ’வும் திரையில் ஒன்றாகவே தோன்றுவதால், திரைப்படிமத்தை மட்டும் அனுப்பினால் சிக்கலுக்குக் காரணமான வேறுபாடு அதில் இராது. உதவுவோர் அதைத் தாமே மீண்டும் தட்டச்சிட்டுப் பார்த்தால் நிரல் சரியாகவே இயங்கும். ஆகவே பனுவலைப் பனுவலாகவும், குறியெண்களை எண்களாகவும் தருதல் இன்றியமையாதது.

நான்காவது, எதிர்பார்த்த விடையும் கிடைத்த விடையும். தமிழ் அறியாத நிரலாளரிடம் உதவி கேட்கும்போது இது மிகவும் தேவை. ‘தமிழ்’ என்பதற்கு மூன்று என விடை வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஐந்தாவது, பைத்தான் பதிப்பு, இயங்குதளம், கோப்பு பெறப்பட்ட மூலம் ஆகியன.

முடிவுரை

தமிழ்ப் பனுவலோடு பைத்தானைப் பயன்படுத்தும் தொடக்க நிலையாளரின் சிக்கல்கள் பலவாகத் தோன்றினும், அவற்றிற் பெரும்பாலானவை பைட், குறியெண், எழுத்து ஆகிய மூன்று அடுக்குகளுள் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதால் எழுகின்றன. கோப்பு திறக்காமை பைட் அடுக்கின் சிக்கல். ஒத்த சொற்கள் பொருந்தாமை குறியெண் அடுக்கின் சிக்கல். எண்ணிக்கை, திருப்புதல், சொற்பிரிப்பு, வரிசைப்படுத்தல் ஆகியன குறியெண்ணை எழுத்தெனக் கொண்டதன் விளைவுகள். எவ்வடுக்கில் சிக்கல் உள்ளது என்பதைக் கண்டறிந்தால் தீர்வின் பாதி கைவந்ததாகும்.

பிழைச்செய்தி தரும் சிக்கல்கள் ஆய்வாளரைத் தடுத்து நிறுத்துகின்றன; அவற்றால் காலம் மட்டுமே இழப்பு. செய்தியின்றி நிகழ்பவை தவறான எண்களை ஆய்வேட்டுக்குள் கொண்டுசெல்கின்றன. எனவே கணினிவழிச் சொல் ஆய்வை மேற்கொள்வோர், நிரலை முழுப் பனுவலுக்குச் செலுத்துவதற்கு முன், விடை முன்பே தெரிந்த ஒரு சிறு பகுதியைக் கையால் எண்ணி ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அச்சோதனைப் பகுதியில் மெய்யெழுத்து, உகரம், ஒகர ஓகாரங்கள், ‘யானை’ போன்ற நெடில் தொடங்கும் சொற்கள் ஆகியன இடம்பெறுதல் தேவை. சீராக்க முறை, சொற்பிரிப்பு முறை, கிரந்த எழுத்துகளை எண்ணிய முறை ஆகியவற்றை ஆய்வேட்டில் வெளிப்படக் கூறினால், அம்முடிவுகளைப் பிறர் மீண்டும் சோதித்து அறியவும் வழி பிறக்கும்.